யாழும் கட்டில்களும்



பாடகர் குழுவில் என்னைப் பின்வரிசையில் நிறுத்தி, "நீர் வாயை மட்டும் அசையும்" என்று சொன்னது என் வகுப்புத் தோழிகளுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட என்னைத்தான் பாட்டெழுதிய ஒரு புனிதரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்!

புனித எப்ரேம் ஏறத்தாழ 306இல் நிசிபிஸ் நகரில் பிறந்தவர். இன்று அது துருக்கியின் தென் எல்லையில் இருக்கிறது. 363இல் உரோமர் அந்நகரைப் பாரசீகரிடம் விட்டுக்கொடுத்தபோது கிறிஸ்தவர்கள் வெளியேறினார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய எப்ரேமும் எதெஸ்ஸாவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஊரை விட்டு எழும்புவது என்னவென்று இந்த மண்டபத்தில் நான் விளக்கத் தேவையில்லை.

எதெஸ்ஸாவில் பர்தைசான் என்பவரின் பாடல்கள் சனங்களின் வாயில் இருந்தன. அந்தப் போதனையை மறுக்க எப்ரேம் பிரசங்கத்தை மட்டும் நம்பவில்லை. தாமும் சிரியாக் மொழியில் பாடல்கள் எழுதி, பெண்களுக்குப் பழக்கி, கோவிலில் பாட வைத்தார். நாலாம் நூற்றாண்டில் சபை நடுவே பெண் குரல்! பின்னாளில் செரூக் யாக்கோபு என்ற கவிஞர் இதற்காகவே அவரைப் புகழ்ந்தார். நானூறுக்கு மேற்பட்ட பாடல்கள் இன்றும் உள்ளன. 'ஆவியானவரின் யாழ்' என்று அவரை அழைப்பார்கள்; யாழ்ப்பாணத்தவர்க்கு இனிக்கும் பெயர். குருவாகாமல் கடைசிவரை திருத்தொண்டராகவே இருந்தார். 1920இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக அறிவித்தது.

வைத்தியரான எனக்கு அவரிடம் பிடித்தது வேறொன்று. அவருடைய கடைசிக் காலத்தில் எதெஸ்ஸாவில் பஞ்சம் வந்தது. தானியம் வைத்திருந்த செல்வர்கள், பங்கிடுவதற்கு நம்பிக்கையான ஆள் இல்லையென்று சாட்டுச் சொன்னார்கள். "என்னை நம்புவீர்களா?" என்று எப்ரேம் கேட்டாராம். அவர்கள் கொடுத்த பணத்தில் தெருவோரத் தாழ்வாரங்களில் ஏறத்தாழ 300 கட்டில்கள் போடுவித்து, நோயாளரைப் பராமரித்து, இறந்தவர்களை அடக்கம் செய்தார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பஞ்சம் தணிந்து சில காலத்துக்குள், 373 யூனில், அவரும் இறந்தார்.

2021இல் ஒரு இரவு எங்கள் விடுதியில் கட்டில்கள் முடிந்துவிட்டன. விறாந்தையில் மெத்தை போட்டோம். ஒரு அம்மா ஒட்சிசன் முகமூடிக்குள் ஏதோ முணுமுணுத்தா. குனிந்து கேட்டேன், எங்கள் காலைக் கூட்டத்துப் பாட்டு. இரண்டாம் அடியில் அவவுக்கு மூச்சு முட்டியது. பின்வரிசையில் எட்டு வருஷம் வாயசைத்தவளுக்குச் சொற்கள் மறக்குமா? மிச்சத்தை நான் சத்தமாகப் பாடினேன். பக்கத்து மெத்தைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா சுருதி பார்க்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தா.

அவ வெள்ளிக்கிழமை மட்டும் இருந்தா. ஒவ்வொரு இரவும் பாடினேன்.