கோட்டோரத்து ஆட்டக்காரர்

1953-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள், லண்டன் மாநகரத்து வெம்ப்ளி அரங்கில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக்கான இறுதிக் கால்பந்தாட்டம் நடைபெற்றது. ஒரு லட்சம் பேர் கூடியிருந்தனர். அடுத்த மாதம் முடிசூட இருந்த எலிசபெத் அரசியாரும் வந்திருந்தார். ஆட்டம் முடிய ஏறத்தாழ இருபது நிமிடங்களே இருந்தன. அப்போது போல்டன் அணி மூன்று கோல், பிளாக்பூல் அணி ஒரு கோல் என்பதே நிலைமை. ஆயினும் முடிவில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் வென்றது பிளாக்பூல்தான். வென்ற அணியின் கோல்களில் மூன்றைப் போட்டவர் ஸ்டான் மார்ட்டென்சன்; நான்காவதைப் போட்டவர் பில் பெர்ரி. வெம்ப்ளியில் நடந்த கோப்பை இறுதியாட்டங்களில் ஒருவரே மூன்று கோல் போட்டது அதுவே முதன்முறை. இருந்தும் அவ்வாட்டத்துக்கு மக்கள் இட்ட பெயர் 'மாத்யூஸ் இறுதியாட்டம்' என்பதாகும். ஸ்டான்லி மாத்யூஸ் அன்று ஒரு கோலும் போடவில்லை.

கோல் போடாதவர் பெயரால் ஓர் ஆட்டம் வழங்குவது முறையா? இதற்கு விடை காண வேண்டுமானால், மாணவ நண்பர்களே, நாம் கோல் கம்பங்களை விட்டு விலகி ஆடுகளத்தின் ஓரத்துக்குச் செல்ல வேண்டும்.

அக்காலத்தில் முன்வரிசையில் ஐவர் ஆடுவர். அவர்களுள் இரு கோடிகளிலும் பக்கக் கோட்டை ஒட்டி நிற்பவர்களுக்கு விங்கர்கள் என்று பெயர். கோலின் முன்னே எப்போதும் நெருக்கடிதான். எதிரணிக் காவலர்கள் அங்கே குவிந்து நிற்பார்கள். அந்தக் குவியலைக் கலைப்பதே விங்கரின் வேலை. ஓரத்தில் தம்மை மறிக்கும் காவலரை அவர் கடந்துவிட்டால், இன்னொருவர் தம் இடத்தை விட்டு அவரைத் தடுக்க வந்தாக வேண்டும். வந்தவர் விட்ட இடம் வெறுமையாகிவிடும். விங்கர் கோல் கோட்டின் அருகு வரை ஓடி, அங்கிருந்து பந்தைப் பின்னோக்கித் தள்ளுவாராயின், அதைவிட ஆபத்தான பந்து வேறில்லை. பந்துக்குப் பின்னால் நிற்பவரை 'ஆஃப்சைடு' விதி தீண்டாது. காவலர்களோ தம் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார்கள். பந்து அவர்கள் ஓடும் திசைக்கு மாறாகச் செல்லும். பின்னே ஓடிவரும் தோழருக்கு மட்டும் அது நேர் எதிரே வந்து சேரும். அவர் உதைப்பது ஓர் உதை. அந்த ஓர் உதைக்கு முன்னால் நடந்த வேலையெல்லாம் விங்கருடையது.

மாத்யூஸ் 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரத்தின் ஹான்லி பகுதியில் பிறந்தார். தந்தை ஜாக் மாத்யூஸ் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். அவர் பெயர்பெற்ற குத்துச்சண்டை வீரருமாவார். மகன்களை விடியற்காலையில் எழுப்பி, திறந்த சன்னலருகே நிறுத்தி, மூச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் செய்விப்பது அவர் வழக்கம். பதினைந்தாம் வயதில் ஸ்டோக் சிட்டி கழகத்தின் அலுவலகத்தில் எடுபிடிப் பையனாக, வாரம் ஒரு பவுண்டு சம்பளத்தில் மாத்யூஸ் சேர்ந்தார். பதினேழாம் பிறந்தநாளில் தொழில்முறை ஆட்டக்காரரானார். ஐம்பது வயது கடந்த பின்பே அத்தொழிலை விட்டார்.

அவரிடம் இருந்த வித்தை என்ன? வியப்பு என்னவென்றால், பெரும்பாலும் அது ஒரே வித்தைதான். பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு காவலரை நோக்கி மெதுவாகச் செல்வார். மிக அருகில் சென்று ஏறத்தாழ நின்றே விடுவார். பிறகு உடலை இடப்புறம் சாய்ப்பார். காவலரும் அத்திசையில் சாய்வார். அந்தக் கணமே வலக்காலின் வெளிப்புறத்தால் பந்தை வலப்புறம் தட்டிக்கொண்டு பறந்துவிடுவார். நம் சடுகுடு ஆட்டத்தில் பாடிச் செல்பவன் ஒரு பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி மறு பக்கம் தொட்டு மீள்கிறானே, அதே தந்திரம்தான் இது. ஒரு காலின்மேல் உடற்பாரத்தை முழுதும் ஏற்றிவிட்ட மனிதன், அப்பாரத்தை மீட்டுக்கொள்ளும் வரை அசைய முடியாது. அந்த அரை நொடியை மாத்யூஸ் தமக்காகப் பறித்துக்கொண்டார். முதல் பத்துக் கெஜத்தில் அவரைப் பிடிக்கவல்லவர் அரியர். அவர் என்ன செய்யப்போகிறார் என்பது இங்கிலாந்தின் இடதுபுறக் காவலர் அனைவருக்கும் தெரியும். தெரிந்தும் முப்பது ஆண்டுகள் ஏமாந்தனர். இதற்கு உதவியாக, கனத்த தோல் பூட்சுகள் வழங்கிய அந்நாளில், சில ஆட்டங்களிலேயே தேய்ந்துபோகும்படியான இலேசான பூட்சுகளை அவர் தமக்கெனச் செய்வித்துக்கொண்டார். எத்தனை முறை தட்டி வீழ்த்தப்பட்டாலும் திருப்பித் தாக்கியதில்லை. நடுவரின் எச்சரிக்கையை ஒரு முறைகூடப் பெறாமலே அவர் ஓய்வு பெற்றார் என்பர்.

இத்தகைய ஒருவருக்கு என்ன ஊதியம் கிடைத்திருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? இன்றைய செய்தித்தாள்களைப் பார்த்து ஊகித்தால் தவறாகப் போகும். இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டக்காரருக்கு அந்நாளில் உச்சவரம்புச் சம்பளம் உண்டு. போருக்கு முன் அது வாரம் எட்டுப் பவுண்டு, 1947-இல் பன்னிரண்டு, 1958-இல் இருபது. அரங்கை நிறைப்பவருக்கும் அதற்குமேல் கொடுக்கலாகாது. இதனினும் கொடியது, ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஆட்டக்காரரைக் கழகம் விடாமல் வைத்துக்கொள்ளலாம் என்னும் விதி. 1938-இல் ஸ்டோக்கை விட்டுப் போக விரும்புவதாக மாத்யூஸ் தெரிவித்தபோது, அவரைப் போகவிடாதீர்கள் என்று முழங்க ஊர் மண்டபத்தில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் கூடினர். ஆயிரம் பேர் இடமின்றி வெளியே நின்றனர். அவரும் தங்கினார். 1947-இல், முப்பத்திரண்டாம் வயதில், பிளாக்பூல் கழகம் 11,500 பவுண்டு கொடுத்து அவரை வாங்கிக்கொண்டது. அத்தொகை ஸ்டோக் கழகத்தின் பெட்டிக்குச் சென்றது. ஆடப்போகிறவர்க்கு விதிப்படி கிடைக்கக்கூடியது வாரம் பன்னிரண்டு பவுண்டு மட்டுமே! மக்களின் அன்பும் முதலாளியின் கணக்கும் சில வேளைகளில் ஒரே மனிதனின் இரு கைகளையும் பிடித்து இழுப்பதை இங்கே காண்கிறோம். உச்சவரம்பு 1961 சனவரியில்தான் ஒழிந்தது. ஆட்டக்காரரை விடாமல் வைத்துக்கொள்ளும் விதியை 1963-இல் ஒரு நீதிமன்றம் தொழில் உரிமைக்கு மாறானது எனத் தீர்ப்பளித்து முறித்தது. அதற்குள் மாத்யூஸுக்கு வயது நாற்பத்தெட்டு.

தேசிய அணியிலும் அவர் நிலை உறுதியாக இருந்ததில்லை. இங்கிலாந்து அணியை அந்நாளில் தேர்ந்தெடுத்தது ஒரு குழு. தாமே பந்தை வைத்துக்கொள்கிறார், ஆட்டத்தின் வேகத்தைத் தாழ்த்துகிறார் என்பன அவர்மேல் சுமத்தப்பட்ட குறைகள். பிரெஸ்டன் அணியின் டாம் ஃபின்னி என்னும் ஒப்பற்ற விங்கரும் அப்போது இருந்தார் என்பதை நியாயமாகச் சொல்லவேண்டும். (ஃபின்னி குழாய் பழுதுபார்க்கும் தொழிலையும் விடாது செய்துவந்தார், ஆட்டச் சம்பளத்தை நம்பி முதுமையைக் கழிக்க இயலாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.) 1934 முதல் 1957 வரை இருபத்து மூன்று ஆண்டுகளில், நாட்டுக்காக மாத்யூஸ் ஆடிய முறையான ஆட்டங்கள் 54.

பிளாக்பூலில் பதினான்கு பருவங்களில் அவர் போட்ட லீக் கோல்கள் பதினேழே. கணக்குப் புத்தகத்தை மட்டும் படிப்பவன் இவரைச் சாதாரண ஆட்டக்காரர் என்றே கொள்வான். தோழரின் கோலுக்கு வழிசெய்ததை இன்று 'அசிஸ்ட்' என்று தனியே எழுதி வைக்கிறார்கள். அன்று அப்படி ஓர் ஏடு கிடையாது. விங்கரின் உழைப்பு கண்டவர் நினைவில் மட்டும் பதிவாயிற்று.

இனி வெம்ப்ளிக்குத் திரும்புவோம். 1945-இல் இறக்கும் தறுவாயில் தந்தை மகனிடம் கேட்டவை இரண்டு: தாயைக் காப்பாற்ற வேண்டும், கோப்பைப் பதக்கம் ஒன்றை வெல்ல வேண்டும். 1948-இலும் 1951-இலும் பிளாக்பூல் இறுதியாட்டத்தில் தோற்றது. 1953-இல் மாத்யூஸுக்கு வயது முப்பத்தெட்டு. அன்று போல்டன் அணியின் இடப்புறத்தில் ஆடிய எரிக் பெல் தொடக்கத்திலேயே காலில் காயமுற்றார். மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்று விதி இல்லை. லீக் ஆட்டங்களிலேயே அது 1965-இல்தான் வந்தது. நொண்டியபடியே பெல் முன்வரிசையின் ஓரத்துக்குச் சென்றார். அந்நிலையிலும் தலையால் முட்டி மூன்றாவது கோலைப் போட்டார் என்றால் அவர் உறுதியை என்னென்பது! பின்னர் இடதுபுறக் காவலர் ரால்ஃப் பாங்க்ஸின் காலும் பிடித்துக்கொண்டது. போல்டனின் அந்த ஓரம் காவல் தளர்ந்தது. பிளாக்பூலின் எர்னி டெய்லர் என்னும் சிற்றுருவினர் இதை உணர்ந்து, கிடைத்த பந்தையெல்லாம் மாத்யூஸுக்கே அனுப்பினார். மாத்யூஸ் தூக்கி அனுப்பிய பந்தைக் கோல் காவலர் தவறவிட, மார்ட்டென்சன் பாய்ந்து உள்ளே தள்ளினார். ஆட்டம் முடியும் தறுவாயில் நேரடி உதையால் மூன்றுக்கு மூன்று என்று சமன் செய்தவரும் அவரே. இறுதிக் கணங்களில் மாத்யூஸ் வலப்புறக் கோடி வரை சென்று, வழுக்கி விழும்போதே பந்தைப் பின்னோக்கித் தள்ளினார். பெர்ரி அதை உதைத்தார்.

ஆகவே, அந்த வெற்றியில் டெய்லரின் கூர்மை உண்டு; மார்ட்டென்சனின் துணிவு உண்டு; பெல், பாங்க்ஸ் இருவரின் துன்பமும் உண்டு. அவ்வாட்டத்துக்குத் தம் பெயர் சூட்டியதைத் தாம் ஏற்கவில்லை என்றே மாத்யூஸ் பிற்காலத்தில் எழுதினார். அவர் கூறியது சரி என்பதே என் எண்ணம். எனினும் மக்களையும் குறை கூற மனம் வரவில்லை. யாரும் கணக்கெழுதாத ஒரு தொழிலை இருபது ஆண்டுகளாகக் கண்டவர்கள், கணக்கைத் தீர்க்கக் கிடைத்த ஒரே வாய்ப்பில் சற்று மிகுதியாகவே கொடுத்துவிட்டார்கள்.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1956-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப்பந்துப் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் நாற்பத்தொரு வயது மாத்யூஸ். திங்கட்கிழமைதோறும் அவர் உண்ணாநோன்பு இருப்பார். புகையும் மதுவும் அறியார். 1961 அக்டோபரில், நாற்பத்தாறாம் வயதில், ஸ்டோக்குக்கு மீண்டார். அதற்கு முந்திய உள்ளூர் ஆட்டத்தைக் காண வந்தோர் 8,409 பேர். அவர் திரும்பிய நாளில் வந்தோர் 35,974 பேர். 1963-இல் ஸ்டோக் இரண்டாம் பிரிவிலிருந்து முதற்பிரிவுக்கு உயர்ந்தது; அதை உறுதிசெய்த ஆட்டத்தில் கோல் போட்டோருள் அவரும் ஒருவர். அந்தப் பருவத்தில் அவர் போட்ட கோல் அது ஒன்றே. 1965 பிப்ரவரி 6-ஆம் நாள், ஐம்பது வயதும் ஐந்து நாளும் நிறைந்தவராகத் தம் கடைசி லீக் ஆட்டத்தை ஆடினார். பின்னர் தென்னாப்பிரிக்காவில், நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய காலத்தில், சொவெட்டோவின் கறுப்பின இளைஞர்களுக்கு ஆட்டம் பயிற்றி, 1975-இல் அவர்களைப் பிரேசிலுக்கு அழைத்துச் சென்றார். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்டோக்கில் காலமானார்.

பிளாக்பூல் கழகத்தின் அரங்கில் மேற்குப் பகுதிக்கு மாத்யூஸின் பெயரையும், வடக்குப் பகுதிக்கு மார்ட்டென்சனின் பெயரையும் சூட்டியிருக்கிறார்கள். அந்த வடக்குப் பகுதியின் முன்னே நிற்பது மார்ட்டென்சனின் சிலை.