தேகப்பயிற்சியும் தோலும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேகப்பயிற்சி என்றவுடன் நம்மவர் மனத்தில் தோன்றுவன வாலிபரின் தோளும் மார்புமேயாம். தோலுக்கும் அதற்கும் யாது சம்பந்தம் என்பர் பலர். மகளுக்கு வரன் தேடுங்கால் பசைக்கும் பூச்சுக்கும் தாராளமாய்ப் பொருள் செலவிடும் இல்லங்களில், அவள் அரைமணி நேரம் ஓடியாடப் புறப்பட்டால் மட்டும் தடை பிறக்கின்றது. ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வோம்.

தோலின் மேற்படையில் இரத்தக்குழாய்கள் இல்லை. கீழ்ப்படையிலுள்ள நுண்ணிய குழாய்களே அதற்கும் ஊட்டமளிக்கின்றன. உழைப்பினால் தேகம் சூடேறுங்கால், அச்சூட்டைத் தணிக்கும்பொருட்டு இரத்தம் தோலை நோக்கிப் பெருகுகின்றது. வயது ஏற ஏறப் புறவோடு தடித்து வறளும்; கீழ்ப்படையோ மெலியும்.

இதனைக் கானடா தேசத்து மக்மாஸ்டர் சர்வகலாசாலையில் மார்க் டார்னபோல்ஸ்கி என்னும் வைத்தியரும் அவர் குழுவினரும் சோதித்து, 2014-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 65 வயது கடந்து, உழைப்பின்றியிருந்த சிலரை வாரம் இருமுறை, அரைமணி வீதம், 3 மாதம் பயிற்சி செய்வித்தனர். முன்னும் பின்னும் தோலில் சிறு துணுக்கெடுத்துப் பார்த்தனர். எடுத்த இடம் பிருஷ்டபாகம்! நகைக்க வேண்டா, வெயில் படாத இடமன்றோ அது? பயிற்சிக்குப் பின் அம்முதியோரது தோலின் அமைப்பு 20 முதல் 40 வயதினரது தோலை ஒத்திருந்ததாம். உழைக்கும் தசையினின்று இரத்தத்தில் கலக்கும் பொருளொன்று இதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். எனினும் சோதிக்கப்பட்டோர் சிலரே. வெயிலால் நேர்ந்த முகச்சுருக்கம் நீங்குமென்பதற்கும் இது சான்றாகாது.

தாய்மார்கள் கருதத்தக்கது வேறொன்று. 2023-இல் ஜப்பானின் ரிட்சுமேக்கான் சர்வகலாசாலையார் நடுவயதுப் பெண்களை 16 வாரம் பயிற்றினர். ஒரு சாரார் சைக்கிள் மிதித்தனர். மற்றொரு சாரார் எடை தூக்கினர். இருசாராரின் தோலும் மீள்தன்மை பெற்றது. கீழ்ப்படை தடித்ததோ எடை தூக்கினோருக்கே. நம் பாட்டிமார் குடம் சுமந்தனர், உரலிடித்தனர். அவ்வருத்தம் மீளவேண்டுமென்று நாம் விரும்பவில்லை. ஆனால் அது போன இடத்தில் வேறொன்றும் வரவில்லையே!

உச்சிவெயிலில் பயிலுதல் தோலுக்குக் கேடு. காலையும் மாலையுமே ஏற்றவை. வியர்த்த ஆடையுடன் நெடுநேரம் இருந்தால் படர்தாமரை வரக்கூடும். உடனே குளித்து மாற்றுக.

நமது சங்கத்து மைதானம் மாலைதோறும் பையன்களுக்கே விடப்பட்டிருக்கின்றது. வாரத்தில் இரண்டு மாலைகளைப் பெண்களுக்கென ஒதுக்குமாறு அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் பிரேரேபிக்கக் கருதியுள்ளோம். இசைவுள்ள தாய்மார்கள் தங்கள் பெயரையும், தங்கள் பெண்களின் பெயரையும் காரியதரிசியிடம் அதற்குள் பதிவு செய்துகொள்ள வேண்டுகின்றோம்.