பழைய திடலை மீட்பது எப்படி?



கோல்ஃப் என்றாலே பணக்காரர் ஆட்டம் என்று சொல்லிவிட்டு, தொலைக்காட்சியில் அது வந்ததும் சேனலை மாற்றுகிறவர்களே அதிகம். அது அவரவர் விருப்பம். ஆனால் மலாயாவில் துரைமார்கள் திடல் போட்ட காலத்திலிருந்து அந்தப் புல்லை வெட்டியவர்கள் யார்? பை சுமந்தவர்கள் யார்? தோட்டத்து லயத்திலிருந்து போன தமிழர்கள் அதில் ஏராளம். பிற்காலத்தில் எம். இராமையா, பி. குணசேகரன் என்று தொழில்முறை ஆட்டக்காரர்களும் எழுந்து வந்தார்கள். ஆகவே ஒரு பழைய திடலைப் பற்றிய பேச்சு நம்மவர்களுக்கு அந்நியமான பேச்சு அல்ல.

பழைய திடலுக்கு வயதானால் பல கிளப்புகள் என்ன செய்கின்றன? மண்வாரி இயந்திரத்தைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டு, புதிதாக ஒரு குளம், ஒரு செயற்கை அருவி என்று வைத்துவிடுகின்றன. இதற்குப் பெயர் புதுப்பிப்பு. மீட்பு என்பது வேறு. முதலில் அந்தத் திடலை வரைந்தவர் என்ன நினைத்தாரோ, அதைத் தேடிக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவருவது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் பைன்ஹர்ஸ்ட் என்ற ஊர். அங்கே இரண்டாம் எண் திடல் 1907இல் திறக்கப்பட்டது. அமைத்தவர் டொனால்ட் ராஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1948இல் இறக்கும்வரை அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் மணல்வெளியை எல்லாம் பச்சைப் புல்லால் மூடிவிட்டார்கள். 2010இல் பில் கூர், பென் கிரென்ஷா என்ற இருவர் மீட்புப் பணியைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வழிகாட்டியவை இரண்டு. ஒன்று, 1943இல் விமானத்திலிருந்து எடுத்த படங்கள். மற்றொன்று, மண்ணுக்கடியில் கிடந்த பழைய தண்ணீர்க் குழாய். அந்தக் குழாய் அந்நாளில் ஆட்டப்பாதையின் நடுவில் போயிருந்தது. குழாய் போன வழியே பாதையின் நடுக்கோடு!

சுமார் 35 ஏக்கர் புல்லைப் பெயர்த்து எடுத்தார்கள். 1,150 ஆக இருந்த தண்ணீர்த் தெளிப்பான்கள் 450 ஆகக் குறைந்தன. 2014இல் ஆண்கள், பெண்கள் இருபாலருக்கும் அமெரிக்க ஓப்பன் போட்டிகள் அடுத்தடுத்த வாரங்களில் அங்கேயே நடந்தன. பார்த்தவர்களில் சிலர் திடல் காய்ந்து கிடக்கிறதே என்று முகம் சுளித்தார்கள். பச்சையாக இருந்தால்தான் அழகு என்று பழகிப்போன கண் அது.

சரி, ஒரு திடல் தன் உருவத்தை எப்படி இழக்கிறது? யாரும் கெடுக்க வேண்டியதில்லை. குழி இருக்கும் வழவழப்பான மேடையைக் கிரீன் என்கிறார்கள். அதன் ஓரத்தைச் சுற்றி வெட்டுகிறவர், கரடான புல்லை வெட்டிவிடக் கூடாதே என்ற பயத்தில் ஓர் அங்குலம் உள்ளே தள்ளி வெட்டுவார். நாற்பது வருடம் இப்படி வெட்டினால் மேடை சுருங்கி வட்டத் தோசையாகிவிடும். மூலைகள் போய்விடும். மணல் பள்ளமோ, பந்தோடு சேர்ந்து தெறிக்கும் மணலால் விளிம்பு உயர்ந்து வேறு வடிவம் எடுக்கும். ஆசைக்கு நட்ட மரம் பெரிதாகி நிழல் விரிக்கும்.

இந்த மரம்தான் நல்ல குழிகளைக் கொல்கிறது. ஒரு குழி ஏன் புகழ் பெறுகிறது? நீளத்தாலோ அழகாலோ அல்ல. ஆடுகிறவருக்கு அது இரண்டு வழி கொடுக்கும். இடது பக்கம் அகலம், பயமில்லை. ஆனால் அங்கிருந்து அடுத்த அடி கடினம். வலது பக்கம் மணல் பள்ளத்தை ஒட்டிப் போகத் துணிந்தால், மேடை வாயைத் திறந்துகொண்டு வரவேற்கும். வலது பக்கத்தில் நாலு மரம் வளர்ந்துவிட்டால் அந்த வழி அடைபடும். எல்லாரும் இடது பக்கமே அடிப்பார்கள். பிறகு அது வெறும் புல்வெளிதான். மரம் வெட்டச் சொன்னால் உறுப்பினர்கள் சண்டைக்கு வருவார்கள். வெயிலுக்கு ஒதுங்க இடம் வேண்டாமா என்பார்கள். ஜொகூர் வெயிலில் அதுவும் நியாயம்தான். எந்த மரம் ஆட்டத்தை அடைக்கிறதோ அதை மட்டும் எடுத்தால் போதும்.

பைன்ஹர்ஸ்ட்டை அப்படியே இங்கே நகல் எடுக்கவும் முடியாது. அது மணற்பாங்கான நிலம், மழை விழுந்ததும் இறங்கிவிடும். ஜொகூரில் களிமண் கலந்த செம்மண். பருவமழையோ நவம்பரில் பிடித்தால் லேசில் விடாது. 2006 டிசம்பரில் வந்த வெள்ளத்தைக் கோத்தா திங்கியும் சிகாமட்டும் மறக்கவில்லை. இங்கே மீட்பு என்றால் முதல் செலவு வடிகாலுக்கு. அடுத்தது புல். வெப்ப நாடுகளில் கிரீனுக்குப் போடும் டிஃப்ட்வார்ஃப் போன்ற புல்வகைகள் வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குச் சார்த்தும் அருகம்புல்லின் கலப்பின வாரிசுகள்தான். அருகுக்கு நிழல் ஆகாது என்பது கிராமத்தில் பிறந்த எவருக்கும் தெரியும்.

இவ்வளவு சிரமப்பட வேண்டுமா, அந்த நிலத்தில் வீடு கட்டினால் ஆகாதா என்று கேட்பவர்களும் உண்டு. தவறான கேள்வி அல்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் கெப்பல் கிளப் தன் பழைய இடத்தை 2021 இறுதியில் விட்டது. அங்கே வீடுகள் வரப்போகின்றன. ஜூரோங் கிளப்பின் கதை வேறு. கோலாலம்பூர் அதிவேக ரயிலுக்காக நிலத்தை எடுத்தார்கள், 2016இல் கிளப் மூடியது. 2021 ஜனவரி 1ஆம் தேதி அந்த ரயில் திட்டமே ரத்தானது. திடல் போனது போனதுதான். ஜொகூர் பாருவிலும் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. தண்ணீரையும் மருந்தையும் கொட்டிப் பச்சை காட்டும் திடலுக்கு இந்தக் கேள்வியின் முன் பதில் கிடையாது. குறைந்த தண்ணீரில், தன் பழைய உருவத்தில் நிற்கும் திடல் கொஞ்சமாவது வாதாடலாம்.

உருவத்தைக் கண்டுபிடிக்க எங்கும் விமானப் படம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மெல்லிய இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பார்த்து, பழைய மணல் எங்கே தட்டுப்படுகிறது என்று தேடும் முறையும் உண்டு. ஆனால் கம்பியை எங்கே குத்துவது? அதற்கு ஆள் இருக்கிறார். முப்பது வருடம் அதே மேடையை வெட்டி, ஓய்வுபெற்று, இன்று ஏதோ ஒரு தாமானில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர். லட்சங்கள் வாங்கும் வடிவமைப்பாளர் வருவதற்கு முன்னால், கிளப் ஒரு கார் அனுப்பி அவரை அழைத்துவந்து, “ஐயா, அந்தக் காலத்தில் எதுவரைக்கும் வெட்டுவீர்கள்?” என்று கேட்டு, அவர் காட்டும் இடத்தில் ஒரு குச்சி நட்டுக்கொள்ளலாம். பேச்சைப் பதிவு செய்ய இன்று கைப்பேசி போதும்.