மிஞ்சிய நூலும் முடியாத பின்னலும்

ஒரு வேலையைத் தொடங்கும்போது உண்டாகும் உற்சாகம் அதை முடிக்கும் நாள்வரை நிலைத்து நிற்பதில்லை. வீடு கட்டுவோர் இதனை அறிவர். கம்பளி நூல் கொண்டு கையாற் பின்னும் பெண்கள் இன்னும் நன்றாக அறிவர். ஏனெனில் அவர்கள் தொடங்கி நிறுத்திய வேலைகள் யாவும் வீட்டு அலுமாரியிலேயே கிடந்து, கதவைத் திறக்குந்தோறும் கண்ணிற் படுகின்றன.

வெப்ப நாடாகிய இலங்கையில் கம்பளிப் பின்னல் என்பது பிறந்த குழந்தையின் தொப்பியும் காலுறையும், நுவரெலியாக் குளிருக்கு ஒரு சுவெற்றரும் என்ற அளவோடு பெரும்பாலும் நின்றுவிடும். பிரித்தானியா போன்ற குளிர் நாடுகளிலோ அது வீட்டுக்கு வீடு வழங்கிய கைத்தொழில். இன்று தேவைக்காகப் பின்னுவோர் அங்கே சிலர்; பொழுதுபோக்காகப் பின்னுவோரே பலர். அத்தகைய ஓர் அம்மையாரை நேயர்கள் மனத்தில் உருவகித்துக்கொள்ளலாம். வயது அறுபத்தைந்து. பிள்ளைகள் வளர்ந்து வேற்றூர் சென்றுவிட்டனர். புத்தாண்டு பிறந்த ஒரு மாலைப் பொழுதில் அவர் தம் அலுமாரியைத் திறந்து நோக்குகிறார். மேற்றட்டிலும் கீழ்த்தட்டிலும் நூற்பந்துகள். நடுத்தட்டிலே துணிப்பைகளுக்குள் அரைகுறையாய் நின்ற பின்னல்கள். இருப்பதெல்லாம் தீரும்வரை புதுநூல் வாங்குவதில்லை என்று அவர் விரதம் பூணுகிறார்.

இவ்வளவு நூல் எவ்வாறு சேர்ந்தது? ஊதாரித்தனம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. மறுபாதி முன்யோசனை. கம்பளி நூலுக்குச் சாயமிடுவோர் ஒரு தொட்டி கொள்ளும் அளவை ஒரு தடவையிற் சாயமிடுகின்றனர். அடுத்த தடவை அதே சாயத்தை அதே அளவிற் கரைத்தாலும் நிறம் இம்மியளவு வேறுபட்டுவிடும். ஆகையால் ஒவ்வொரு பந்தையும் சுற்றியுள்ள தாளில், நிறத்தின் இலக்கத்தோடு அது எந்தத் தடவையிற் சாயமிடப்பட்டது என்பதைக் காட்டும் இலக்கமும் அச்சிடப்பட்டிருக்கும். கடை விளக்கின் கீழே இரண்டு பந்துகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியாமற் போகலாம். சட்டையாகப் பின்னி அணிந்து வெயிலில் நின்றாலோ, மார்பின் குறுக்கே கோடு கிழித்தாற்போல அது துலங்கும். எனவே, ஒன்பது பந்து போதுமென்று மாதிரிப் புத்தகம் சொன்னால், விஷயம் தெரிந்தவள் பத்துப் பந்து வாங்குவாள். பத்தாவது பந்து மிஞ்சும். முப்பது சட்டை பின்னிய கைக்கு முப்பது பந்து மிஞ்சும். மலிவு விற்பனையிற் கண்ட அழகில் மயங்கி வாங்கிய பந்துகளைப் பற்றி இங்கே பேசாதிருப்பதே அம்மையாருக்குச் செய்யும் மரியாதை.

அவருடைய தாயார் சிறுமியாயிருந்த காலத்தில் நிலைமை வேறு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி, பிரித்தானியாவில் உடைகளுக்குப் பங்கீடு வந்தது. முதலாண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்கள். இரண்டு அவுன்சு பின்னல் நூலுக்கு ஒரு கூப்பனை இழக்கவேண்டும். கூப்பன் அரிசியை நினைவிற் கொண்டுள்ள இலங்கையருக்கு இந்தக் கணக்கின் கடுமையை விளக்கவேண்டியதில்லை. 1949 மார்ச் மாதம்வரை அது நீடித்தது. அக்காலத்தில் பழைய சட்டையின் தையலைப் பிரித்து, நூலை வரிசை வரிசையாக இழுத்து, நாற்காலியின் முதுகிற் சுற்றிச் சிட்டமாக்கிக் கழுவி, கீழே பாரம் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். பின்னலிற் கிடந்தபோது நூல் கொண்ட சுருள் நீங்கி நேராகும். தந்தையின் சட்டை மகனின் சட்டையாக மறுபிறவி எடுத்தது இவ்விதமே. அந்தச் சிக்கனம் மகளுக்கும் பழக்கமாக வந்து சேர்ந்தது. அதனைக் கற்பித்த பஞ்சம் மட்டும் வரவில்லை. ஆகவே நூலை வீசுவதற்கு மனமில்லை. உடனே பயன்படுத்த நெருக்கடியும் இல்லை.

விரதத்தின் முதற்காரியம் சமையலறைத் தராசை எடுப்பது. மிஞ்சிய நூலின் நீளத்தை அளப்பது தொல்லை, நிறுப்பது எளிது. பெரியவர் ஒருவரின் ஒரு சோடிக் காலுறைக்கு ஏறக்குறைய 100 கிராம் மென்னூல் செல்லும். கையில் 80 கிராம் இருந்தால், குதிக்கும் விரல் நுனிக்கும் வேறு நிறம் இட்டு நிரவிக்கொள்ளலாம்.

ஸ்கொத்துலாந்துக்கு வடக்கேயுள்ள செட்லாந்துத் தீவுகளின் பெண்கள் சிறுசிறு அளவு நூலையும் அழகாகச் செலவிடும் வழியொன்றை வளர்த்தனர். அங்குள்ள ஃபெயர் ஐல் என்னும் சிறு தீவின் பெயராலேயே அப்பின்னல் வழங்குகிறது. ஒரு வரிசையிற் பெரும்பாலும் இரண்டு நிறங்களே வரும். ஆயினும் வரிசைக்கு வரிசை நிறங்கள் மாறுவதால், முடிந்த சட்டையிற் பல நிறங்கள் கலந்து தோன்றும். 1922இல் அக்காலத்து வேல்ஸ் இளவரசர் கொல்ப் விளையாட அத்தகைய சட்டையணிந்து வந்தபின் அது நாகரிகமாகவே பரவியது. மிச்சத்தைத் தீர்க்க இதனினும் நல்ல வழி இல்லை என்று அம்மையார் மகிழ்கிறார். ஆனால் பல நிறங்களையும் இணைத்துக் காட்டப் பின்னணி நிறம் ஒன்று வேண்டும். அந்த நிறம் அலுமாரியில் இல்லை. முப்பது கிராம் மிச்சத்தைத் தீர்ப்பதற்கு முந்நூறு கிராம் புதுநூல்! இந்த விரதம் வழக்கமாக முறிகின்ற இடம் இதுவே.

இரண்டாவது வழி குறோசே ஊசியாற் பின்னும் சிறு சதுரங்கள். அமெரிக்க விவசாய இதழொன்றில் 1885இலேயே இத்தகைய சதுரத்தின் செய்முறை அச்சாகியிருக்கிறது. எந்த நிறமும் இதற்கு ஆகும். புதிதாக எதுவும் வேண்டியதில்லை. ஒரு மாலையில் நான்கு சதுரம் முடிந்துவிடும். தொல்லை பின்னாலே காத்திருக்கிறது. நிறம் மாறும் ஒவ்வோரிடத்திலும் இரண்டு நுனிகள் தொங்கும். மூன்று நிறமுள்ள சதுரத்தில் ஆறு நுனி. 150 சதுரம் கொண்ட போர்வையில் 900 நுனி. அவ்வளவையும் தையலூசியாற் கோத்து மறைக்கவேண்டும். பின்னுவதில் இன்பம் உண்டு. நுனி மறைப்பதில் இல்லை. போர்வைகள் பைக்குள்ளே உறங்குவதற்குக் காரணம் சோம்பல் அன்று, இந்தத் தொள்ளாயிரம் நுனிகளே.

நடுத்தட்டின் பைகளை அவிழ்ப்பதுதான் கடினமான காரியம். ஒரு பையில் ஒற்றைக் காலுறை. அதன் சோடியைத் தொடங்க மனம் வரவில்லை. செய்ததையே மறுபடி செய்வதில் புதுமை ஏது? இன்னொரு பையில் ஏழு வயதுப் பையனுக்கெனத் தொடங்கிய நீலச் சட்டை. ஒரு கை மட்டும் பாக்கி. அந்தப் பையனுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. அம்மையார் சிறிது நேரம் அதனை மடியில் வைத்திருந்துவிட்டு, நூலின் நுனியைத் தேடி எடுத்து இழுக்கிறார். ஒரு மாதத்து உழைப்பு ஒரு மணி நேரத்தில் நூலாகிவிடுகிறது. இதனையும் முடித்தல் என்றே கொள்ளவேண்டும். வேறொரு பையிற் பூச்சி வந்துவிட்டது. பறக்கின்ற அந்துப்பூச்சி கம்பளியைத் தின்பதில்லை. அதன் புழுவே தின்கிறது. இருளிற் பல்லாண்டு அசையாது கிடக்கும் கம்பளி அதற்கு விருந்து. சேமித்து வைத்தல் எப்போதும் காப்பாற்றுதல் ஆகிவிடாது.

இன்னொன்றையும் அவர் எண்ணுகிறார். விரல் மூட்டுகள் காலையில் நோகின்றன. ஆண்டொன்றுக்கு எவ்வளவு பின்ன முடியும், அலுமாரியில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட்டால், விடை ஆயுளைத் தாண்டுகிறது.

பின்னிக்கொண்டிருந்தவர் இறந்துபோனால், ஊசியோடு நிற்கும் பின்னல் என்னவாகும்? வீசினால் மனம் தாங்காது. முடிக்கவோ வீட்டில் எவருக்கும் தெரியாது. 2022இல் அமெரிக்காவில் மேசி கப்லன், ஜென் சிமோனிக் என்ற இரு தோழியர் இதற்கு ஒரு வழி செய்தனர். நண்பியொருத்தியின் தாயார் முடிக்காது விட்டுச்சென்ற போர்வைகளே அவர்களை அதற்குத் தூண்டின. அவர்கள் தொடங்கிய லூஸ் எண்ட்ஸ் என்னும் இயக்கத்திற் பல நாடுகளைச் சேர்ந்த பல்லாயிரம் பேர் இன்று தொண்டர்களாயுள்ளனர். இறந்தவரோ கை தளர்ந்தவரோ விட்ட வேலையை, முன்பின் அறியாத ஒருவர் கூலியின்றி முடித்து அக்குடும்பத்திடம் கொடுக்கிறார்.

அது எளிய தொண்டன்று. கையெழுத்துப் போலவே பின்னலின் இறுக்கமும் ஆளுக்கு ஆள் மாறும். ஏற்றுக்கொண்டவர் முதலில் ஓர் அங்குலத்தில் எத்தனை கண்ணிகள் உள்ளன என்று எண்ணி, வேறு நூலிற் சிறு துண்டு பின்னிப் பார்த்து, தம் கையை இறந்தவரின் கைக்கு இணங்கப் பழக்கிக்கொள்ளவேண்டும். அவ்வாறு செய்தும், கூர்ந்து நோக்குவோருக்குச் சில வேளை கை மாறிய வரிசை தெரிந்துவிடும். அதற்காகப் போர்வையை வேண்டாமென்று எந்தக் குடும்பம் சொல்லும்?

இச்செய்தியை அறிந்த நம் அம்மையார் எஞ்சிய பைகள் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு எழுதி ஊசியாற் குத்திவைக்கிறார். எந்தப் புத்தகத்தின் எத்தனையாம் பக்கம், ஊசியின் பருமன் என்ன, யாருக்காகத் தொடங்கியது என்ற மூன்று செய்திகளே அதில் உள்ளன. பின்னர் சாம்பல் நிறச் சட்டையை மட்டும் வெளியே எடுத்து, ஆறு ஆண்டுகளுக்கு முன் நிறுத்திய கைப்பகுதியில் எத்தனை கண்ணி நிற்கிறது என்று எண்ணத் தொடங்குகிறார்.