சட்டி வாங்கும் முன்னே



வீட்டிலேயே பியர் காய்ச்சுவது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலருக்கு விடுமுறை நாள் பொழுதுபோக்கு. அதற்கு உரிமம் வாங்க வேண்டும் என்ற விதியை இங்கிலாந்து 1963-இல் எடுத்துவிட்டது. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. என்ன பாத்திரம் வாங்கலாம், எந்த மூடி போடலாம் என்று அங்கே கூடிக்கூடிப் பேசுகிறார்கள். நம் ஊரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வீட்டில் மது காய்ச்சினால் குற்றம். கள்ளுக்கும் 1987 பிறந்ததிலிருந்து தடை.

ஆனால் அதே பாத்திரக் கவலை வேறு வடிவத்தில் நம்மிடமும் உண்டு. வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை, முத்துக்குளித்துறைக் கரையை ஒட்டிய பனங்காடுகளில், பருவம் வந்துவிட்டால், கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலிக்கு விடிலி இதே கவலைதான். பியர்காரர் இனிப்பு நீரைப் புளிக்க வைக்கப் பாடுபடுகிறார். பனையேறி அதைப் புளிக்க விடாமல் இருக்கப் பாடுபடுகிறார். முந்தைய நாள் அழுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமி இரண்டு பேரையும் ஒன்றுபோல் கெடுக்கும்.

கலயத்திலிருந்து தொடங்குவோம். பாளையைச் சீவியதும் சொட்டுகிற நீர் சுத்தமான இனிப்பு. காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் அதில் விழுந்தால் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். அதைத் தடுக்கத்தான் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் தலையெடுக்க முடியாது. மண் கலயம் விலை குறைவு, கயிறு கட்டித் தொங்கவிட வசதி. ஆனால் அதன் நுண்துளைகளுக்குள் நேற்றைய பதநீர் ஊறிக்கிடக்கும். கழுவிக் கவிழ்த்து வெயிலில் நன்றாகக் காயவைக்காத கலயம், எவ்வளவு சுண்ணாம்பு பூசினாலும் ஏமாற்றும். பிளாஸ்டிக் குடுவை கழுவச் சுலபம்தான். உள்ளே கீறல் விழுந்த நாளிலிருந்து அதுவும் மண் கலயத்தின் கதைதான். பியர்காரர்களும் கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

சுண்ணாம்பே இல்லாமல் எடுக்க ஒரு வழி இருக்கிறது. தென்னை நீராவுக்காகக் காசர்கோடு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் ஒரு குளிர்பெட்டியைச் செய்திருக்கிறது. பாளையோடு பொருத்தி, உள்ளே பனிக்கட்டி வைத்து, சொட்டுகிற நீரை அப்போதே குளிரவைப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் உயரமான பனையில் ஒரு நாளைக்குப் பல மரம் ஏறி இறங்குகிறவர் பனிக்கட்டியையும் சுமந்து ஏறுவாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

அடுத்தது காய்ச்சுகிற சட்டி. இதில்தான் நிறையப் பேர் பணத்தைக் கொட்டுகிறார்கள். பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்குதான் சர்க்கரை. மிச்சமெல்லாம் தண்ணீர், அது ஆவியாகப் போக வேண்டும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு லிட்டருக்கு மேல் அடுப்பில் ஏற்றியாக வேண்டும். அதனால் வாய் அகன்ற, ஆழம் குறைந்த சட்டி நல்லது. ஆழமான அண்டா விறகைத் தின்னும். அலுமினியத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுண்ணாம்பின் காரம் அலுமினியத்தை அரிக்கும். எவர்சில்வர் விலை கூடுதல்தான், பரவாயில்லை. நுரை பொங்கி வழியும்போது நசுக்கிய ஆமணக்கு முத்தைப் போட்டு அடக்குவார்கள் நம் பெண்கள். ஆமணக்கின் எண்ணெய் நுரையை உடைக்கிறது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்பதைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். கைப்பழக்கம் இருக்கிறவருக்கு அது போதும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு வெப்பமானி வேண்டும். அதோடு ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது, சட்டைப் பையில் அடங்கும். அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு பதநீர் விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் பிரிகிற கோடு தெரியும். கோடு நிற்கிற எண்தான் சர்க்கரை அளவு. பியர்காரர்களும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். இனிப்பு குறைந்திருந்தால், தண்ணீர் சேர்ந்திருக்கிறது அல்லது புளிப்பு தொடங்கிவிட்டது என்று சந்தேகப்படலாம். பதநீரை விலைக்கு வாங்கிக் காய்ச்சுகிறவருக்கு இது இல்லாமல் முடியாது.

காரம் பார்க்கிற தாளும் ஒரு கட்டு வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் புளிக்கும், கூடினால் கருப்பட்டியின் ருசியே போய்விடும். தெளியவைத்து மேல்நீரை மட்டும் எடுத்துக் காய்ச்சுவது பழைய முறை. அதை விட்டுவிடக் கூடாது.

இந்தத் தொழில் குடிசைக்குள்ளேயே அடங்கிக் கிடந்ததும் இல்லை. குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனியார் பனைவெல்லத்திலிருந்து சர்க்கரை எடுக்க ஆலையே நடத்தினார்கள். திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே 1914 முதல் 1940 வரை சின்ன ரயிலும் ஓட்டினார்கள். ஆலையும் போயிற்று, தண்டவாளமும் போயிற்று. இப்போது அதே ஊரில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே உடன்குடி, இன்னும் விறகடுப்பில் கருப்பட்டி காய்ச்சுகிறது.

வாங்கிப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பதநீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் இறுக்கி மூடி வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள். புளிக்கும்போது வாயு கிளம்பும், பாட்டில் உப்பும், திறந்தால் சட்டையெல்லாம் நுரைதான். கண்ணாடி பாட்டிலாக இருந்தால் வெடித்தே விடும். பியர்காரர்கள் வாயு மட்டும் வெளியேறுகிற தனி மூடி போடுவது இதனால்தான். நீங்கள் மரத்தடியிலேயே பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடித்துவிடுங்கள்.

புதிதாக விடிலி போட நினைக்கிற இளைஞர்களுக்கு என் கணக்கு இது: கையில் இருக்கிற பணத்தில் முதலில் ரிஃப்ராக்டோமீட்டரும் காரத் தாளும் வாங்குங்கள். அடுத்து, உள்ளே கைவிட்டுத் தேய்த்துக் கழுவ முடிகிற பாத்திரங்கள். பெரிய எவர்சில்வர் சட்டி இரண்டாவது பருவத்துக்கு வாங்கினால் போதும்.