சாவியும் பையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



கிரிப்டோ நாணயத்தைக் குறித்து இச்சபையில் பேச வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் பணித்தபொழுது, அதனை வாங்குதல் நன்றோ தீதோ என்னும் வாதத்தில் யான் இறங்கமாட்டேன் என்று முன்னரே சொல்லிவிட்டேன். வாங்காதாரை நோக்கி வாங்குங்கள் என்று சொல்ல என் மனம் ஒருப்படவில்லை. ஆயினும் நம்மவர் இல்லங்களில் வாலிபர் பலர் அதனை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கின்றனர். அவருள் சிலர் தம் மனைவியாரிடமும் பெற்றோரிடமும் அதுபற்றி ஒரு வார்த்தையும் சொன்னாரில்லை. இருக்கின்ற பொருளைக் காப்பது எங்ஙனம், ஒரு பையினின்று மற்றொரு பைக்கு மாற்றுவது எங்ஙனம், உடையவன் கண்ணை மூடினால் குடும்பத்தாருக்கு அது சேர்வது எங்ஙனம் என்னும் இவையே இன்று யான் எடுத்துக்கொண்ட விஷயம்.

'வாலட்' என்பதைப் பணப்பை என்று சொல்லிப் பழகிவிட்டோம். மயக்கத்திற் பாதி அப்பெயரினால் வந்தது. பையினுள் நாணயம் கிடையாது. பிட்காயினையே எடுத்துக்கொள்வோம். 2009ஆம் வருஷம் ஜனவரி 3ஆம் தேதி தொடங்கிய ஒரு பொதுக் கணக்கேடு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே படியாக எழுதப்பட்டு வருகின்றது. அதற்குப் பிளாக்செயின் என்று பெயர். இன்ன முகவரிக்கு இத்தனை நாணயம் உரியது என்பது அவ்வேட்டில் யாவரும் காணக் கிடக்கின்றது. பையிலிருப்பது அம்முகவரிக்குரிய இரகசியச் சாவி ஒன்றே. அதுவும் இரும்பாலாயதன்று, மிகப் பெரியதோர் எண். அவ்வெண்ணை அறிந்தவன் கையொப்பமிட்டால் ஏடு ஒப்புக்கொள்ளும். அறியாதவன், பொருளுக்கு உடையவனேயாயினும், ஏடு அவனை ஏறெடுத்தும் பாராது. ஆதலின் பைக்குப் பை மாற்றுதலாவது, பழைய சாவிக்கு உரியதைப் புதிய சாவிக்கு உரியதென்று ஏட்டில் ஒரு வரி எழுதுவித்தலேயாம். ஏறக்குறையப் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஏட்டில் ஒரு பக்கம் சேரும். பெருந்தொகையாயின் ஆறு பக்கங்கள் சேருமளவும், அஃதாவது சுமார் ஒரு மணி நேரம், பொறுத்திருப்பது வழக்கம். அதன்பின் அவ்வரியை அழிப்பாரில்லை. பாங்கியில் தவறிப் பணம் போயிற்றென்றால் மானேஜரிடம் சென்று முறையிடலாம். இங்கே மானேஜர் இல்லை.

நிற்க. நம்மவர் பெரும்பாலார் எக்ஸ்சேஞ்ச் எனப்படும் கம்பெனியில் கணக்குத் திறந்து, வாங்கிய நாணயத்தை அங்கேயே விட்டுவைக்கின்றனர். அவ்வாறாயின் சாவி கம்பெனியாரிடத்தில் இருக்கின்றதேயன்றி நம்மிடத்தில் இல்லை. ஜப்பான் தேசத்து மவுண்ட் காக்ஸ் 2014ஆம் வருஷத்தில் முறிந்தபொழுது சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணோம் என்றனர். பின்னர் அவற்றுள் 2,00,000 அகப்பட்டது. நம் நாட்டிலேயே வஸீர்எக்ஸ் என்னும் எக்ஸ்சேஞ்சிலிருந்து 2024ஆம் வருஷம் ஜூலை 18ஆம் தேதி சுமார் 23 கோடி டாலர் பெறுமான நாணயங்கள் களவு போயின. இவற்றைக் கண்டவர்கள் சாவியைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ள விரும்புதல் நியாயமே. அதற்குக் கைப்பேசியில் வைக்கும் பையும் உண்டு. சாவியை இணையத்தோடு ஒட்டாமல் வைக்கும் ஹார்ட்வேர் வாலட் என்னும் சிறு கருவியும் உண்டு. அன்றாடச் செலவுக்குள்ளதை முன்னதிலும், சேமிப்பைப் பின்னதிலும் வைப்பது ஒழுங்கு.

கருவி வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று எண்ணுவார்க்கு ஒரு சம்பவத்தை எடுத்துரைக்கின்றேன். 2025ஆம் வருஷம் பிப்ரவரி 21ஆம் தேதி பைபிட் என்னும் எக்ஸ்சேஞ்சார், இணையத்தினின்று விலக்கி வைத்திருந்த பையிலிருந்து புழக்கத்திலுள்ள பைக்கு ஈதர் நாணயத்தை மாற்ற முற்பட்டனர். அவர்கள் பலமுறை செய்துவந்த காரியந்தான் இது. ஒருவர் கையொப்பம் போதாது, பலர் இட வேண்டும் என்னும் காவலும் இருந்தது. திரையிலே தோன்றிய முகவரி சரியான முகவரியே. ஆனால் அத்திரையைக் காட்டிய நிரலிலேயே கள்வர் புகுந்திருந்தமையால், கண்ணுக்குத் தெரிந்தது ஒன்று, கையொப்பம் வீழ்ந்தது மற்றொன்றின்மேல். சுமார் 150 கோடி டாலர் பெறுமானம் போயிற்று. வட கொரியரின் வேலை என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையார் அறிவித்தனர். கவனியுங்கள்: பூட்டு உடையவில்லை, உடையவர்களே தம் கையால் திறந்துவிட்டனர். பொருள் அசையாதிருக்குமளவும் பத்திரமாயிருந்தது. அபாயம் அதனை மாற்றும் வேளையிலேதான் வந்தது.

நமக்கு அத்துணைப் பெரிய கள்வர் வருவாரோ என்பீர்கள். சிறு கள்வர் வேறு உபாயம் வைத்திருக்கின்றனர். முகவரியென்பது நீண்டதோர் எழுத்துக்கோவையாதலின் யாரும் முழுதும் வாசிப்பதில்லை; முதல் நாலெழுத்தும் கடை நாலெழுத்தும் பார்த்து அமைவர். இதையறிந்த கள்வன், நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரிபோலவே தலையும் வாலும் ஒத்த ஒன்றைப் படைத்து, அதிலிருந்து அற்பத்தொகை ஒன்றை உங்களுக்கு அனுப்பி வைப்பான். அடுத்த முறை பழைய கணக்குவரியிலிருந்து முகவரியை நகல் எடுப்பீர்களானால் அவனுடையதே கையில் அகப்படும். 2024ஆம் வருஷம் மே மாதத்தில் ஒருவர் இவ்விதமாகச் சுமார் 6 கோடியே 80 லட்சம் டாலரை ஒரே அனுப்புகையில் இழந்தார். பின்னர்ப் பேரம் பேசியதில் கள்வன் பெரும்பகுதியைத் திருப்பித் தந்தான் என்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஆதலின் முகவரியைப் பழைய வரியிலிருந்து எடாமல், பெறும் பையைத் திறந்து அதிலிருந்தே எடுக்க. கருவியின் சிறு திரையில் தோன்றுவதை எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. முதலில் அற்பத்தொகை அனுப்பி, அது சேர்ந்தபின் எஞ்சியதை அனுப்புக. இருமுறை கூலி கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று முனகுவாரும் உளர். அக்கூலியை மிச்சம் பிடித்து முதலை இழப்பாரை என்னென்பது!

கூலியைப்பற்றியும் ஒரு வார்த்தை. பிட்காயினில் கூலி தொகைக்கு ஏற்றதன்று; எழுதப்படும் வரியின் நீளத்துக்கு ஏற்றது. தபாலில் உறையின் எடைக்கு முத்திரையேயல்லாமல் உள்ளிருக்கும் செய்தியின் பெருமைக்கு அன்றே, அதுபோல. மாதந்தோறும் சிறிது சிறிதாக வாங்கித் தம் பைக்கு அனுப்பியவர்களிடம் பல துணுக்குகள் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் ஒருங்கே எடுத்து அனுப்பினால் வரி நீண்டு கூலி மிகும். கூலி தாழ்ந்திருக்கும் நாளில் துணுக்குகளை ஒன்றாகத் திரட்டி வைப்பார் சிலர். ஈதர் பையிலோ வேறு தொல்லை: டெதர் முதலிய நாணயங்களை நகர்த்தக் கூலியை ஈதராகவே கொடுக்க வேண்டும். ஈதர் முழுவதையும் முன்னே அனுப்பிவிட்டவன், டெதரைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மேலும் அதே டெதர் எதீரியத்திலும் உண்டு, டிரானிலும் உண்டு. அனுப்புவோரும் பெறுவோரும் ஒரே வலையைத் தெரிந்துகொள்ளாவிடில் பணம் வழியில் சிக்கிக்கொள்ளும்.

இனித் தாய்மார்கள் கேட்க வேண்டிய பகுதிக்கு வருகின்றேன். புதிய பையொன்று திறந்தால் அது 12 அல்லது 24 சொற்களைத் தரும். 2048 சொற்கள் கொண்ட பட்டியலினின்று எடுக்கப்படுவன அவை. கருவி கிணற்றில் வீழ்ந்தாலும் இச்சொற்களை முறைமாறாமல் இட்டால் மற்றொரு கருவியில் பொருள் முழுவதும் திரும்பிவரும். ஜப்பானியருக்கும் கொரியருக்கும் அவரவர் மொழியிலே பட்டியல் உண்டு, தமிழுக்கு இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் ஆங்கில எழுத்துக்களைப் பார்த்து எழுத நேர்வதால், பெரிய எழுத்தில், எண்ணிட்டு எழுதுதல் நலம். சொற்களைப் படம் பிடித்தல், வாட்ஸ்அப்பில் அனுப்புதல், மின்னஞ்சலில் வைத்தல் ஆகா. கம்பெனியின் ஊழியன் என்று சொல்லிக்கொண்டு அச்சொற்களைக் கேட்பவன் எவனாயினும் அவன் கள்வனே; இதற்கு விலக்கில்லை.

இவ்வளவு மறைத்து வைத்தவன் திடீரென இறந்துபோனால்? கனடா தேசத்தில் குவாட்ரிகா என்னும் எக்ஸ்சேஞ்சை நடத்திய ஜெரால்ட் காட்டன் 2018ஆம் வருஷம் டிசம்பரில் நம் நாட்டு ஜெய்ப்பூரில் 30 வயதில் காலமானார். சாவிகள் அவரோடு போயின, 76,000க்கு மேற்பட்டவர்களின் பணம் பூட்டிக்கிடக்கின்றது என்று உலகம் அலறிற்று. பொது ஏட்டை ஆராய்ந்து பார்த்தபொழுது அப்பைகள் அவர் இறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே வெறுமையாயிருந்தன. அது மோசடியே என்று ஒண்டாரியோ பங்குச்சந்தை ஆணையத்தார் 2020இல் வெளியிட்டனர். அவர் செய்தது வஞ்சனை. ஆயினும் உலகம் அஞ்சிய அவ்வாறே யோக்கியன் ஒருவனுடைய வீட்டில் நிகழத் தடை என்ன? 2025ஆம் வருஷம் அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோ நாணயம் சொத்தே என்று தீர்ப்புரைத்தது. சொத்தாயின் மனைவி மக்களுக்கு உரிமை கேட்க இடமுண்டு. உரிமை இன்னாருக்கென்று நீதிபதி எழுதலாம். சொற்கள் இன்னவையென்று எந்த நீதிபதி எழுத வல்லார்?

எனவே உயிலில் சொற்களை எழுதாதீர்கள். உயில் பலர் கையில் புழங்கும். என்னென்ன நாணயம், எந்தக் கருவி, சொற்கள் எழுதிய தாள் எங்கே என்பவற்றை மாத்திரம் தனிக் கடிதமாக எழுதி, மனைவியாரோ வயது வந்த பிள்ளையோ அறிய வையுங்கள். தாளின் படியொன்று வேறிடத்தில், தீயும் நீரும் அணுகாதபடி இருக்கட்டும். வாங்கிய தேதியும் விலையும் அக்கடிதத்தில் இருத்தல் அவசியம். 2022ஆம் வருஷம் ஏப்ரல் முதல் இலாபத்தில் 30 சதவீதம் வரியாதலின், வாங்கிய விலைக்குச் சான்று இல்லாவிடில் வாரிசு திண்டாடுவான். தன் பையினின்று தன் மற்றொரு பைக்கு மாற்றுவது விற்பனையன்று. அதனையும் குறித்து வைத்தல் நன்று.

கடைசியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பாருங்கள். நூறு ரூபாய்ப் பெறுமானமுள்ள ஒரு தனிப் பையைத் திறந்து, அதன் சொற்களைத் தாளில் எழுதி, கருவியிலுள்ளதை அழித்துவிட்டு, தாளை மனைவியாரிடம் கொடுங்கள். நீங்கள் வாய் திறவாமல் பக்கத்தில் அமர்ந்திருக்க, அவர் தாமே அந்த நூறு ரூபாயை மீட்டெடுத்துத் தம் பைக்கு மாற்றட்டும். அவர் எங்கே தடைப்படுகின்றாரோ, கடிதத்தில் அவ்விடத்தை விரித்து எழுதுங்கள்.