சிறு வணிகரும் இணையவழித் தொலைபேசியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியம் பேசும் இம்மேடையில் தொலைபேசியைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இங்குக் கூடியிருப்போருள் மளிகைக் கடை நடத்துவோர் உளர். தையற்கூடம் வைத்திருப்போர் உளர். பட்டறை உடையோரும் எம்மைப் போல் அச்சகம் உடையோரும் உளர். நம்மனைவர்க்கும் சோறு போடுவது வாடிக்கையாளரின் குரல். அக்குரல் நம் வாயிலை வந்தடையும் பாதை இன்று மாறிவிட்டது. அம்மாற்றத்தால் விளையும் நன்மை யாது, அதனோடு நம் தலைமேல் வந்து சேரும் பொறுப்பு யாது என்பனவற்றை, யாம் பட்டறிந்த அளவில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பெங்களூருக்கும் தொலைபேசிக்கும் உள்ள உறவு நெருங்கியது. நம் நாட்டில் 1882ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் திறக்கப்பெற்றன. நாடு விடுதலை பெற்றபின், 1948ஆம் ஆண்டில், தொலைபேசிக் கருவிகளைச் செய்யும் அரசுத் தொழிற்சாலை இந்நகரில் நிறுவப்பெற்றது. அதுவே ஐ.டி.ஐ. என்று நாம் அழைக்கும் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ். அதனைச் சூழ்ந்து எழுந்த குடியிருப்பின் பெயர் தூரவாணிநகர். கன்னடத்தில் தூரவாணி என்றால் தொலைபேசி. நாட்டின் அலுவலக மேசைகளில் பல்லாண்டு வீற்றிருந்த கருநிறத் தொலைபேசிகளுள் பல இங்கிருந்து சென்றவையே. அவற்றைச் செய்த கைகளில் தமிழர் கைகளும் உண்டு.

அந்நாளில் தொலைபேசி வைத்திருந்தவர்க்கு இருந்த கவலைகள் சில. விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். கட்டணம் செலுத்த வேண்டும். பழுதானால் முறையிட வேண்டும். மற்றவற்றையெல்லாம் இணைப்பகம் பார்த்துக்கொண்டது. ஊரெல்லாம் மின்சாரம் நின்றாலும் தொலைபேசி நிற்காது. ஏனெனில் அதற்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம், இணைப்பகத்து மின்கலங்களிலிருந்து அதே செப்புக் கம்பியின் வழியாக வந்தது. யாரேனும் நள்ளிரவில் நம் பெயரால் பேசிவிடுவரோ என்ற அச்சமும் நமக்குப் பெரிதாக இருந்ததில்லை. காவலர் ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் வாயிலில் நின்றது போன்ற நிலை அது.

எம் அச்சகம் சுல்தான்பேட்டைக்கு அருகில் உள்ளது. திருமண அழைப்பிதழ்களே எம் முதன்மைத் தொழில். வேலை செய்வோர் ஒன்பதின்மர். பழைய தொலைபேசி ஒன்றும், அதனைக் கிளைகளாகப் பிரிக்கும் பெட்டி ஒன்றும் எம்மிடம் இருந்தன. பெட்டி பழுதுற்றபோது அதற்கு உதிரிப்பொருள் கிடைக்கவில்லை. முகூர்த்த மாதங்களில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்க்கு வழி அடைபட்டது. அந்நிலையில்தான் யாம் இணையவழித் தொலைபேசிக்கு மாறினோம்.

இப்புதிய முறையின் தத்துவம் எளியது. நீண்ட கடிதம் ஒன்றை ஒரே உறையிலிட்டு அனுப்பாமல், பல அஞ்சலட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முகவரியும் வரிசை எண்ணும் எழுதி அனுப்புவதாகக் கொள்ளுங்கள். அவ்வாறே நம் குரல் நொடிக்கு 8,000 முறை அளக்கப்பெற்று எண்களாக மாறுகிறது. அவ்வெண்கள் நொடிக்கு 50 பொதிகளாகக் கட்டப்பெற்று இணையத்தில் செல்கின்றன. மறுமுனையில் அவை வரிசையாக அடுக்கப்பெற்று மீண்டும் குரலாகின்றன. வழக்கமான தரத்தில் குரலுக்கு மட்டும் நொடிக்கு 64 கிலோபிட் வேண்டும். முகவரிச் சுமையையும் சேர்த்தால் ஒவ்வொரு திசைக்கும் ஏறத்தாழ 87 கிலோபிட் ஆகும். ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசினாலும் ஒரு மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே மிகப் பெரிய இணைய இணைப்பு வேண்டும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. வேண்டுவது வேகத்தினும் ஒழுங்கு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குரல் செல்லும் நேரம் 150 மில்லிநொடிக்குள் இருத்தல் நலம் என்பது பன்னாட்டு வழிகாட்டு அளவு. அது கூடினால் ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சு விழும். இருவர்க்கும் எரிச்சல் மிகும்.

யாரை யார் அழைக்கிறார், மணி எங்கே ஒலிக்க வேண்டும், பேச்சு எப்பொழுது முடிந்தது என்பனவற்றை முறைப்படுத்தும் விதித்தொகுப்பிற்கு சிப் என்று பெயர். அது 1999இல் வெளியிடப்பெற்று 2002இல் திருத்தியமைக்கப்பெற்றது. அதே 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. மார்க் ஸ்பென்சர் என்னும் இளைஞர் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதற்குத் தொலைபேசி இணைப்புப் பெட்டி தேவைப்பட்டது. விலையோ அவர் கைக்கு எட்டவில்லை. அவர் அப்பெட்டியின் வேலையைக் கணிப்பொறியே செய்யுமாறு மென்பொருள் ஒன்றைத் தாமே எழுதினார். நட்சத்திரக் குறியின் பெயரால் அதற்கு ஆஸ்டரிஸ்க் என்று பெயரிட்டார். எழுதியதைப் பூட்டி வைக்காமல், யாவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் இசைந்து உலகிற்கு அளித்தார். சிறு வணிகர் ஒருவரின் பணமுடையிலிருந்து பிறந்த அம்மென்பொருளே இன்று எம்மைப் போன்ற சிறு வணிகர் பலர்க்கும் துணை நிற்கிறது. எம் அச்சகத்திலும் சிறு கணிப்பொறி ஒன்றில் அதுவே இயங்குகிறது. புதிய தொலைபேசிகள் நான்கு வாங்கினோம். பழைய கருவிகள் இரண்டினை எறிந்துவிடாமல், இடையே சிறு மாற்றுக் கருவி ஒன்றை வைத்து அவற்றையும் இணைத்துக்கொண்டோம்.

இனி எம் பிழையைக் கூறுதல் வேண்டும். நன்மையை மட்டும் சொல்லிச் செல்வது விற்பனையாளர் வேலை. இச்சங்கத்தில் அது தகாது.

புதிய முறை வந்த இரண்டாம் மாதம். ஓசூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று தம் மகளின் திருமணத்திற்கு அறுநூறு அழைப்பிதழ்களுக்குச் சொல்லியிருந்தது. அச்சேறும் நாள் காலையில் முகூர்த்த நேரம் மாற்றப்பெற்றது. பெண்ணின் தந்தையார் உடனே எம்மை அழைத்தார். அவ்வேளை எம் தெருவில் மின்சாரம் இல்லை. அச்சு இயந்திரத்திற்கும் கணிப்பொறிக்கும் மாற்று மின்சாரம் இருந்தது. இணையத்தைக் கொண்டு வரும் மோடத்திற்கும் ரௌட்டருக்கும் அது இல்லை! இயந்திரம் ஓடியது; தொலைபேசி ஊமையாயிற்று. அவர் மும்முறை அழைத்தார், மும்முறையும் விடையில்லை. மாலையில் பேருந்தேறி நேரில் வந்து நின்றபோது, பழைய நேரத்தைத் தாங்கிய அறுநூறு இதழ்களும் கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டிருந்தன. "போனை எடுக்கவே மாட்டீர்களா ஐயா? உங்களை நம்பித்தானே கொடுத்தேன்" என்று அவர் கேட்டார். எம்மால் தலை நிமிர இயலவில்லை. அன்றிரவே எம் செலவில் மீண்டும் அச்சிட்டுக் கொடுத்தோம். காகிதச் செலவு மறந்துபோயிற்று. அவர் கேட்ட கேள்வி மறக்கவில்லை.

அன்று யாம் தெளிந்த உண்மை ஒன்றே. இணைப்பகம் நம் கடைக்குள் வந்துவிட்டது. ஆகவே இணைப்பகம் செய்துவந்த காவலும் நம் கடமையாகிவிட்டது. அக்காவல் நான்கு வகைப்படும்.

முதலாவது மின்சாரக் காவல். மோடம், ரௌட்டர், இணைப்புக் கணிப்பொறி, தொலைபேசிகள் ஆகிய எல்லாவற்றையும் யூ.பி.எஸ். தாங்க வேண்டும். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் மற்றவை விழித்திருந்து பயனில்லை. வலைக் கம்பியின் வழியாகவே தொலைபேசிகளுக்கு மின்சாரமும் செலுத்தும் பெட்டிகள் உள. அத்தகைய பெட்டி ஒன்றை வாங்கி, அதற்கு யூ.பி.எஸ். இணைத்தால், ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனியே மின் இணைப்பைத் தேட வேண்டுவதில்லை.

இரண்டாவது வழிக் காவல். இந்நகரில் சாலை தோண்டப்படாத நாள் அரிது. மண்வெட்டியோ இயந்திரமோ பட்டுக் கண்ணாடி இழை அறுந்தால் இணையமும் குரலும் ஒருங்கே நின்றுவிடும். ஆதலின், முதல் வழி அடைபட்டால் அழைப்புகள் தாமாகவே ஒரு கைப்பேசிக்குச் செல்லுமாறு, சேவை தரும் நிறுவனத்திடம் சொல்லி முன்னரே ஏற்பாடு செய்து வைத்தல் வேண்டும். மேலும், இணையவழித் தொலைபேசி நாம் இருக்கும் இடத்தை அவசர உதவிக்குச் சரிவரக் காட்டும் என்று உறுதி கூற இயலாது. 112 என்ற எண்ணை அழைக்க வேண்டிய வேளைக்குக் கைப்பேசி ஒன்று கடையில் எப்பொழுதும் இருக்கட்டும்.

மூன்றாவது பூட்டு. இணையத்தில் திறந்து வைக்கப்பெற்ற தொலைபேசி இணைப்பகத்தைத் தேடி அலையும் திருட்டு நிரல்கள் உலகெங்கும் இரவும் பகலும் இயங்குகின்றன. கிளை எண் 101, கடவுச்சொல்லும் 101 என்று வைப்பது, கதவைச் சாத்திவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்கு ஒப்பாகும். உள்ளே புகுந்தவர், விடிவதற்குள் கட்டணம் மிகுந்த வெளிநாட்டு எண்களை நம் கணக்கில் அழைத்துத் தீர்ப்பர். ஆகவே ஒவ்வொரு கிளைக்கும் நீண்ட கடவுச்சொல் வையுங்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லையெனின் அதனை அறவே மூடச் செய்யுங்கள். தேவையெனின் நாளொன்றுக்கு இவ்வளவு என்று வரம்பு கட்டுங்கள். மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்து வாருங்கள்.

நான்காவது சட்டம். நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொட்டு இணையவழித் தொலைபேசிக்குக் குறுகிய அளவில் இசைவு வழங்கப்பெற்றது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் தொலைபேசி எண்ணுடனேயே இச்சேவையை வழங்குவதற்கு 2018இல் வழி திறந்தது. ஆகவே உரிமம் உடையவரிடம் மட்டுமே இணைப்புப் பெறுங்கள். "பாதி விலைக்குத் தருகிறோம், உங்கள் கடை மூலையில் ஒரு சிறு பெட்டி வைத்துக்கொள்கிறோம், மாத வாடகையும் தருகிறோம்" என்று யாரேனும் வந்தால் வாயிலிலேயே விடை கொடுத்து அனுப்புங்கள். வெளிநாட்டு அழைப்புகளை இணையத்தின் வழிக் கொணர்ந்து, பல சிம் அட்டைகள் செருகிய பெட்டியால் உள்ளூர் அழைப்புகள் போல் மாற்றும் கள்ள இணைப்பகங்கள் 2021ஆம் ஆண்டு சூன் திங்களில் இந்நகரிலேயே பிடிபட்டன. நகரப் போலீசாருடன் இராணுவ உளவுப் பிரிவும் அம்முயற்சியில் ஈடுபட்டது என்றால் அதன் கடுமையை உணரலாம். வாடகைக்கு ஆசைப்பட்டு இடங்கொடுத்தவரும் வழக்குக்கு விடை சொல்ல நேரும்.

எண்ணைப் பற்றியும் ஒரு சொல். கைப்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011ஆம் ஆண்டு சனவரி முதல் நாடெங்கும் உண்டு. கம்பித் தொலைபேசியின் எண்ணுக்கு அவ்வசதி நம் நாட்டில் இல்லை. பழைய எண்ணைக் கைவிட்டால் அது போனது போனதே. எம் எண் முப்பது ஆண்டுகளாக ஒவ்வோர் அழைப்பிதழின் மூலையிலும், ஒவ்வொரு நாட்காட்டியின் அடியிலும் அச்சேறியது. தாயின் திருமணத்திற்கும் மகளின் திருமணத்திற்கும் அதே எண்ணில் அழைத்த குடும்பங்கள் உண்டு. ஆகவே பழைய இணைப்பை விடாமல் வைத்து, அதனையும் புதிய பெட்டியோடு சேர்த்துக்கொண்டோம். மாறுவோர் முதலில் எண்ணைக் காத்துக்கொண்டு, பின்னர் மற்றவற்றை மாற்றுவது அறிவுடைமை.

வரவேற்புக் குரலைப் பற்றிச் சொல்லாமல் விடுதல் முறையன்று. தொடக்கத்தில் யாம் ஆர்வ மிகுதியால் ஏழு தெரிவுகளை வைத்தோம். அல்சூரில் வாழும் மூதாட்டியார் ஒருவர் நேரில் வந்து, "ஏன் தம்பி, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றே சொல்லிக்கொண்டிருக்கிறதே, பேசுவதற்கு உங்கள் கடையில் ஆளே இல்லையா?" என்றார். மறுநாளே அவற்றை எடுத்துவிட்டோம். இப்பொழுது வணக்கம் முதலில் கன்னடத்தில் ஒலிக்கிறது, அடுத்துத் தமிழில், பின்னர் ஆங்கிலத்தில். மொழியைத் தேர்ந்தவுடன் எம் ஊழியர் ஒருவரே பேசுகிறார். நமக்கு வாழ்வளித்த மண்ணின் மொழியை முதலில் வைப்பது மரியாதை. நம் மொழியையும் உடன் வைப்பது உரிமை. இரண்டினையும் ஒரே வாயிலில் வைக்க இப்புதிய கருவி இடந்தருகிறது.

அன்பர்களே, புதியதைக் கண்டு அஞ்ச வேண்டா. ஆராயாமல் தழுவவும் வேண்டா. கடையின் கதவைப் பூட்டும் பொறுப்பை நாம் பிறரிடம் விடுவதில்லை. கடைக்கு வரும் குரலுக்கும் அப்பொறுப்பு இன்று நம்முடையதே. ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூசையன்று யாம் அச்சு இயந்திரத்திற்குப் பொட்டிடும்போது, அச்சிறு கணிப்பொறிக்கும் ரௌட்டருக்கும் சேர்த்துப் பொட்டிடுகிறோம். பின்னர் மின்சாரத்தின் முதன்மை விசையை நிறுத்திவிட்டு, வெளியிலிருந்து ஒருவரை அழைக்கச் சொல்கிறோம். மணி ஒலித்த பின்னரே சுண்டல் வழங்கப்பெறும்.

ஓசூர்க் குடும்பத்தார் சென்ற ஆண்டு மீண்டும் அழைத்தனர். இளைய மகளின் திருமணம். முதல் மணியிலேயே எடுத்தோம்.